மைக்கும் ஒளிக்கும் நடுவே

பச்சையை லேசரால் அழிக்கும்போது, கருவியிலிருந்து கிளம்பும் ஒளி மையைத் தொடுவதற்கு முன் மெலனினைக் கடந்தாக வேண்டும். பச்சை குத்தும் ஊசி மையை உள்தோலில், ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் இறக்குகிறது. அதற்கு மேலே தாளைப் போல மேல்தோல் படர்ந்திருக்கிறது. உடம்பின் பெரும்பகுதியில் அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். தோலுக்கு நிறம் தரும் மெலனின் அந்த மெல்லிய அடுக்கில் இருக்கிறது. வெயில் பட்டால் மெலனின் பெருகும். பெருகிய மெலனின் லேசரின் வழியை மறிக்கும். லேசர் பட்டுப் புண்ணான இடத்தில் வெயில் விழுந்தாலோ, ஆறும் தோல் கறுத்துப்போகும். பச்சை அழிப்பில் வெயில் காப்புக்கு இத்தனை இடம் தரப்படுவதற்கு இந்த இரண்டும்தான் காரணம். இரண்டுமே மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் கூடுதலாக நடப்பவை. ஆகவே தமிழர்களைப் பொறுத்தவரை, வெயிலிலிருந்து தோலைக் காப்பது சிகிச்சையின் பாதி என்றே கொள்ள வேண்டும்.

ஒளி எதைத் தேடிப் போகிறது

தியோடர் மைமன் 1960-இல் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அது ரூபிக் கல்லிலிருந்து வந்த சிவப்பு ஒளி. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அந்த ஒளியைப் பச்சைகளின் மீது செலுத்திப் பார்த்துவிட்டார். மை மட்டும் ஏன் சிதைகிறது, சுற்றியுள்ள தோல் ஏன் தப்புகிறது என்பதற்கு ஒழுங்கான விளக்கம் 1983-இல்தான் வந்தது. ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இருவர் ‘சயன்ஸ்’ இதழில் அதை எழுதினார்கள். அவர்கள் சொன்னதன் சாரம் இரண்டு வரிகளில் அடங்கும். குறிவைத்த பொருள் எந்த அலைநீள ஒளியை நன்றாக உறிஞ்சுமோ அந்த ஒளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பொருளிலிருந்து சூடு வெளியே பரவ எடுக்கும் நேரத்தைவிடக் குறுகிய துடிப்பாக அதைக் கொடுக்க வேண்டும்.

சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எண்ணெய் மெல்லச் சூடேறினால் கடுகு வெறுமனே காய்ந்து கருகும். காய்ந்த எண்ணெயில் போட்டால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற அவகாசமின்றி ஆவியாகிக் கடுகை உடைத்துக்கொண்டு தெறிக்கிறது. மைத்துகளும் அப்படித்தான். என்டி-யாக் போன்ற க்யூ-ஸ்விட்ச் லேசரின் ஒரு துடிப்பு 5 முதல் 10 நானோ நொடிதான் நீடிக்கும். நானோ நொடி என்பது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குள் துகள் சூடேறி, விரிந்து, நொறுங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 2012-இல் அனுமதி பெற்ற பிகோ லேசர்களில் துடிப்பு இன்னும் குறுகியது. நொறுங்கிய மையை மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்களும் நிணநீர் நாளங்களும் வாரக்கணக்கில் சிறிது சிறிதாக அப்புறப்படுத்துகின்றன. 2018-இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளிடம் ஒன்றைக் கண்டார்கள்: மையை விழுங்கிய செல் செத்தால் மை வெளியே விழுகிறது, அடுத்து வரும் செல் அதை மீண்டும் விழுங்கிக்கொள்கிறது. பச்சை ஆயுசுக்கும் நிலைப்பதும், ஒரே முறையில் அழியாததும் இதனால் ஓரளவு புரிகிறது.

இனி மெலனின். அது மெலனோசோம் என்னும் நுண்பைகளில் அடைக்கப்பட்டிருக்கிறது. ஒரு மெலனோசோமின் நீளம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர், அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. அதிலிருந்து சூடு வெளியேற நானோ நொடிக் கணக்கில்தான் நேரம் பிடிக்கிறது; ஆனால் லேசர் துடிப்பு அதைவிடவும் குறுகியது. எனவே மைத்துகளை உடைக்கும் அதே துடிப்பு மெலனோசோமையும் உடைக்கும். ‘இது மை, இது தோல்’ என்று பிரித்தறியும் திறன் துடிப்பின் அளவில் இல்லை. பிரித்துக்காட்டக் கூடியது அலைநீளம் மட்டுமே. அலைநீளம் கூடக்கூட மெலனின் ஒளியை உறிஞ்சுவது குறைந்துகொண்டே போகிறது. அதனால்தான் நம் நிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரை மருத்துவர்கள் முதலில் எடுக்கிறார்கள். அது மேல்தோலை ஓரளவு சிக்கலின்றிக் கடந்து, உள்ளே இருக்கும் கருப்பு மையைப் பிடிக்கிறது. பாட்டிமார் முன்கையில் கரிமையால் குத்திக்கொண்ட பழைய பச்சைகள் இந்தக் கதிருக்கு நன்றாக இணங்கும்.

வண்ணப் பச்சைகளில்தான் சங்கடம். சிவப்பு மைக்கு 532 நானோமீட்டர் பச்சை ஒளி தேவை. பச்சை, நீல மைகளுக்கு 694 அல்லது 755. இந்த ஒளிகளையெல்லாம் மெலனின் விரும்பி உறிஞ்சும்; 532-ஐ மிகவும் கூடுதலாக உறிஞ்சும். கையில் கருப்பு மையில் ஒரு பெயரும் அதைச் சுற்றிச் சிவப்பு ரோஜாவும் குத்தியிருப்பவருக்கு, பெயரை அழிக்கும்போது வெயில் நிறம் பெரிய தடையாக இராது. ரோஜாவை அழிக்கும்போது அதே நிறம் கொப்புளத்தில் கொண்டுபோய் விடலாம்.

வெயில் நிறம்

மெலனினைத் தயாரிக்கும் மெலனோசைட் செல்களின் எண்ணிக்கை வெள்ளைத் தோலிலும் கருந்தோலிலும் ஏறக்குறைய ஒன்றே. மெலனோசோம்களின் அளவிலும், அவை எப்படி அடுக்கப்படுகின்றன என்பதிலும்தான் வேறுபாடு. மெலனோசைட் ஒன்று தன்னைச் சுற்றியுள்ள முப்பத்தைந்து, முப்பத்தாறு தோல் செல்களுக்கு மெலனோசோம்களைக் கிளைகளின் வழியே பரிமாறுகிறது. வாங்கிக்கொண்ட செல் அவற்றைத் தன் உட்கருவுக்கு மேலே, வானத்தைப் பார்த்த பக்கத்தில், குடைபோல விரித்து வைத்துக்கொள்கிறது. உட்கருவில் உள்ள டி.என்.ஏ.வை வெயில் சிதைக்காமல் காக்கும் ஏற்பாடு அது. பார்க்கப்பார்க்க வியக்கத்தக்க ஏற்பாடு.

வெயில் பட்டதும் தோல் இரண்டு கட்டமாகக் கறுக்கிறது. புற ஊதா ‘ஏ’ கதிர் பட்ட சில நிமிடங்களிலேயே, ஏற்கனவே இருக்கும் மெலனின் ஆக்சிஜனேற்றம் அடைந்து கருமை கூட்டுகிறது. புற ஊதா ‘பி’ கதிர் புதிய மெலனினை உண்டாக்கச் சொல்கிறது. அந்தக் கருமை இரண்டு மூன்று நாள் கழித்தே தெரியவரும், வாரக்கணக்கில் நீடிக்கும். மேல்தோல் முழுவதும் உதிர்ந்து புதிதாக ஒரு மாதமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். லேசருக்கு முன் குறைந்தது நான்கு வாரமாவது அந்த இடத்தில் வெயில் படக்கூடாது என்று சொல்லப்படுவதன் கணக்கு இதுதான். முந்தின வாரம் திருவிழாவில் தேர் இழுத்துவிட்டு வந்தவரின் தோல் அதற்குத் தயாராக இருக்காது.

தோலை வெயிலுக்கு அது காட்டும் எதிர்வினையைக் கொண்டு வகை பிரித்தவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக். 1975-இல் அவர் வகுத்த முறை வெள்ளைத் தோலின் நான்கு வகைகளோடு நின்றது. மாநிறமும் கருநிறமும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பிற்பாடு சேர்க்கப்பட்டன. தென்னிந்தியர் பெரும்பாலும் நான்காம் வகையிலிருந்து ஆறாம் வகைக்குள் வருவார்கள். கறுப்பினத்தவரின் மேல்தோல், வெயில் காப்பைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். எண்ணில் 13 அளவுக்கு இயற்கையாகவே காப்புத் தருகிறது என்றும், வெள்ளையரிடம் அது 3 அல்லது 4-தான் என்றும் 1979-இல் அமெரிக்காவில் அளந்து கண்டார்கள். நம் தோல் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

இந்தக் காப்பு ஒரு வகையில் ஆளை ஏமாற்றுகிறது. வெள்ளைத் தோல் அரை மணி வெயிலில் சிவந்து எரிந்து எச்சரிக்கை கொடுத்துவிடும். மாநிறத் தோல் எளிதில் எரிவதில்லை, சிவப்பதுமில்லை; சத்தமில்லாமல் கறுக்கிறது. “நமக்கெல்லாம் வெயில் ஒன்றும் செய்யாது” என்று சொல்லிக்கொண்டு லேசர் அறைக்குள் நுழைபவரின் தோலில்தான் கொப்புளமும் வெள்ளைத் திட்டும் வருகின்றன. எரியாமல் இருப்பது பாதுகாப்புக்கு அடையாளமாகாது.

அனுபவம் உள்ள தோல் மருத்துவர் இதை வாய்ச்சொல்லை நம்பி விடுவதில்லை. சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டச் சொல்வார். அக்குளுக்குப் பக்கத்தில், மேற்கையின் உட்புறத் தோலைப் பார்ப்பார். வெயிலே படாத அந்த இடம்தான் ஒருவரின் பிறவி நிறம். அதைப் பச்சை உள்ள முன்கையோடு சேர்த்துப் பார்ப்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி, வார் இருந்த வெளிறிய பட்டைக்கும் அதன் இரு பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பார். அந்தப் பட்டை பளிச்சென்று தெரிந்தால் அன்றைக்கு லேசர் வைக்காமல் தேதியைத் தள்ளிவைப்பதே நல்லது. தள்ளிவைக்க மனமில்லாமல் ஆற்றலைக் குறைத்துச் செய்தால், மை குறைவாகவே உடையும், அமர்வுகளின் எண்ணிக்கை கூடும், காசும் கூடும். ஆற்றலைக் குறைக்காமல் செய்தால் மேல்தோல் வெந்துபோகும். மெலனின் நிறைந்த தோலில் எப்போதும் ஓர் ஓரத்தில் சோதனைப் புள்ளி வைத்துப் பார்த்துத் தொடங்குவது இதற்காகத்தான்.

சூடு வேறு, புற ஊதா வேறு

வெயில் காப்பில் பெரும்பாலானோர் செய்யும் பிழை, வெயிலை அதன் சூட்டைக் கொண்டு அளப்பது. உடம்பில் உறைப்பது அகச்சிவப்புக் கதிரும் காற்றின் வெப்பமும். தோலைக் கறுக்க வைக்கும் புற ஊதா கண்ணுக்கும் தெரியாது, உடம்புக்கும் உறைக்காது. அக்னி நட்சத்திரம் மே மாதத்தில் வருகிறது. ஆனால் சென்னையின் தலைக்கு நேர் மேலே சூரியன் வருவது ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுப்பகுதியை ஒட்டியும். கடற்காற்று வீசும் ஆகஸ்ட் நண்பகல் மே மாதத்தைவிட இதமாகத் தோன்றலாம். வானம் தெளிந்திருந்தால் புற ஊதா இரண்டிலும் கடுமையானதே.

ஊட்டி இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்தோறும் புற ஊதா ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடப்பவரின் முகத்திலும் புறங்கையிலும், மேகமில்லாத நண்பகலில், சமவெளியில் படுவதைவிடக் கூடுதலான புற ஊதா விழுகிறது. பச்சை அழிப்புக்கு நடுவே கோடை விடுமுறைக்கு மலைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் பயன்படுத்தும் புற ஊதா குறியீட்டில் 3-ஐ எட்டினாலே காப்பு வேண்டும். 8 முதல் 10 வரை ‘மிக அதிகம்’, 11-உம் அதற்கு மேலும் ‘உச்சம்’. தமிழ்நாட்டின் கோடை நண்பகல்கள் இந்தக் கடைசிப் படியில்தான் இருக்கின்றன. மார்கழியிலும் தெளிந்த நண்பகலில் குறியீடு 6-க்குக் கீழே இறங்குவதில்லை. குறியீட்டைக் கைபேசியில் பார்க்கலாம். பார்க்க வழியில்லாவிட்டால் நிழலே போதும்: தன் நிழல் தன் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் புற ஊதா கடுமையாக இருக்கும் நேரம். சென்னையில் ஏப்ரல் இறுதியில் அது காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை. டிசம்பர் பிற்பாதியில் பத்தேகால் முதல் இரண்டு மணிக்குச் சற்று முன்பு வரை.

நிழலில் நிற்பதும் முழுக் காப்பு அன்று. புற ஊதாவில் பெரும்பகுதி காற்றில் சிதறி, வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. மெல்லிய மேகம் அதில் பெரும்பங்கை அப்படியே உள்ளே விட்டுவிடும். உலர்ந்த கடற்கரை மணல் 15 விழுக்காட்டையும், அலை நுரை 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன. மெரினாவில் குடைக்கடியில் உட்கார்ந்திருந்தாலும் கணுக்காலில் உள்ள பச்சைக்குக் கீழிருந்து ஒளி வந்துகொண்டே இருக்கும்.

கண்ணாடி வேறு ஒரு கதை. சாதாரண சன்னல் கண்ணாடி ‘பி’ கதிரைத் தடுத்துவிடும். ‘ஏ’ கதிரில் கணிசமான பங்கை விட்டுவிடும். காரின் முன்பக்கக் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டப்பட்டது. அது ‘ஏ’ கதிரையும் ஏறக்குறைய முழுதாகத் தடுக்கும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் அப்படியல்ல. நாள் முழுக்க ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரின் வலக்கை வெளிப்பக்கம் இடக்கையைவிடக் கறுத்திருப்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம்.

லேசர் பட்ட பிறகு

சிகிச்சை நாளன்று அந்த இடத்தில் சன்ஸ்கிரீன், பவுடர், ஒப்பனை எதுவும் இருக்கக் கூடாது. சன்ஸ்கிரீனில் உள்ள துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் புற ஊதாவைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்பட்டவை, லேசரையும் சிதறடிக்கும். கழுவித் துடைத்த பிறகே கருவி தோலுக்கு வருகிறது.

முதல் துடிப்பு விழுந்ததும் ‘பட்’டென்று ஒரு சத்தம். கருப்பு எழுத்து அந்த இடத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். முதன்முறை பார்ப்பவர் பச்சை அழிந்தே போய்விட்டது என்று மகிழ்வதுண்டு. சூட்டில் உண்டான நுண்ணிய வாயுக் குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது. 15, 20 நிமிடத்தில் குமிழிகள் கரைந்து, மை மறுபடி தலைகாட்டும். அதற்குள் சுற்றிலும் தோல் சிவந்து வீங்கியிருக்கும். ஓரிரு நாளில் சிலருக்குக் கொப்புளம் எழும், பிறகு பொருக்குத் தட்டும்.

இந்த அழற்சிதான் கறுத்தலின் விதை. காயம்பட்ட செல்கள் வெளியிடும் புராஸ்டகிளாண்டின், லியூக்கோட்ரையீன் போன்ற பொருள்கள் பக்கத்தில் உள்ள மெலனோசைட்டுகளைத் தூண்டிவிடுகின்றன. மேல்தோலின் அடித்தளம் சிதைந்திருந்தால், மெலனின் அதன் வழியே உள்தோலுக்குள் சிந்தி, அங்குள்ள விழுங்கு செல்களிடம் மாட்டிக்கொள்கிறது. மேல்தோலில் உள்ள கருமை சில மாதங்களில் உதிர்ந்துவிடும். உள்தோலில் சிந்தியது ஆண்டுக்கணக்கில் நிற்கலாம். வெயில் இந்த இரண்டையும் கூட்டுகிறது. பச்சை போன இடத்தில் அதே வடிவத்தில் ஒரு பழுப்பு நிழல் நிலைத்துவிட்டால், பட்ட பாடெல்லாம் பாதி வீண். அந்தப் பழுப்பைப் பார்த்து மை இன்னும் போகவில்லை என்று நினைத்து மேலும் மேலும் லேசர் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது அழற்சியைப் பெருக்கி, கறுப்பைக் கூட்டும்.

எதிர்மாறாக, லேசர் மெலனோசைட்டுகளைச் சேதப்படுத்திய இடம் வெளிறிப்போவதும் உண்டு. அப்போது சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுக்கக்கறுக்க வெள்ளைத் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். வெயிலில் காட்டினால் திட்டு நிறம் பிடிக்கும் என்று நம்பி வேண்டுமென்றே காட்டுவது பெரும்பாலும் எதிர்பார்த்ததற்கு மாறானதையே தரும்.

தோல் மூடும் வரை, அதாவது பொருக்கு தானாக உதிரும் வரை, அந்த இடத்தில் சன்ஸ்கிரீன் பூசக் கூடாது. பூசத் தேவையும் இல்லை. பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒட்டாத கட்டுத் துணியால் மூடியிருந்தால் வெயிலும் படாது, தூசியும் படாது. இதற்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகலாம். பொருக்கைப் பிய்த்தால் அடியில் உள்ள இளம்சிவப்புத் தோல் வெயிலுக்குத் திறந்துவிடும். அதற்கு எந்தக் குடையும் இன்னும் விரியவில்லை.

துணி, குடை, களிம்பு

காப்புகளில் முதலிடம் துணிக்கே. களிம்பைப் போல அது வியர்வையில் வழியாது, அளவு தவறாது, இரண்டு மணிக்கொருமுறை நினைவுபடுத்தவும் வேண்டாம். ஆனால் எல்லாத் துணியும் ஒன்றல்ல. மெல்லிய வெள்ளைப் பருத்தி, நாம் கோடையில் விரும்பி உடுத்துவது, புற ஊதாவில் ஆறில், ஏழில் ஒரு பங்கை உள்ளே விட்டுவிடக்கூடும். நனைந்தால் இன்னும் மோசம். நெருக்கமான நெசவும் அடர்ந்த சாயமும் கொண்ட துணி நன்றாகத் தடுக்கும். ஜீன்ஸ் துணி ஏறக்குறைய முழுதாகவே தடுக்கும். துணியை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் எத்தனை ஒளி கசிகிறது என்று தெரியும். கசிவு கூடுதலாக இருந்தால் இரண்டாக மடித்துப் போர்த்த வேண்டும். ஒற்றைத் துப்பட்டா போதாது.

இரு சக்கர வண்டி ஓட்டுகிறவர்களுக்கு முன்கைப் பச்சை பெரும் சோதனை. கைப்பிடியைப் பிடித்த நிலையில் முன்கையின் வெளிப்புறம் வானத்தைப் பார்த்தபடியே இருக்கும். சாலையோரத்தில் விற்கும் கையுறை ஸ்லீவ் இதற்கு உதவும். இறுக்கமாக இழுத்துப் போட்டால் இழைகள் விரிந்து காப்புக் குறையும் என்பதால் ஓர் அளவு பெரியதாக வாங்குவது நல்லது. தோல் ஆறும் நாள்களில் உரசாமல் தளர்ந்த முழுக்கைச் சட்டையே ஏற்றது. குடையைப் பொறுத்தவரை, நம் பழைய கருப்புத் துணிக் குடை நேர் வெயிலின் புற ஊதாவில் பத்தில் ஒன்பது பங்கைத் தடுத்துவிடும். பக்கவாட்டில் சிதறி வருவதை அதனால் தடுக்க இயலாது.

துணியால் மூட முடியாத கழுத்து, புறங்கை போன்ற இடங்களுக்குத்தான் களிம்பு. அதன் எஸ்.பி.எஃப். எண் ‘பி’ கதிரை முக்கியமாகக் குறிப்பது. 15 என்றால் தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் சுமார் 93 விழுக்காடு, 30 என்றால் 97, 50 என்றால் 98 தடுக்கப்படும். ‘ஏ’ கதிருக்கு ஜப்பானில் வகுத்த ‘பி.ஏ.’ குறியைப் பார்க்க வேண்டும். கூட்டல் குறிகள் எத்தனை கூடுதலோ காப்பும் அத்தனை கூடுதல்.

இந்த எண்களெல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தவை. நடைமுறையில் மக்கள் பூசுவது அதில் பாதியோ கால்வாசியோதான். காப்பும் அதற்கேற்பச் சரிந்துவிடுகிறது. எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதற்கு ஆள்காட்டி விரல் நல்ல அளவுகோல். விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் அது ஏறத்தாழ அரை கிராம். 250 சதுர சென்டிமீட்டருக்கு, அதாவது பெரியவர் ஒருவரின் இரண்டு கையகலத்துக்குச் சற்றுக் குறைவான பரப்புக்கு, அது போதும். முன்கையில் 10 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பச்சைக்கு, நாற்புறமும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகப் பூசினால், பரப்பு 96 சதுர சென்டிமீட்டர். அதற்கு அந்தக் கோட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். பூசிய முதல் நிமிடம் வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரிவது சரியான அளவுக்கு அடையாளம். அந்த வெள்ளையைப் பார்க்கப் பிடிக்காமல் நம்மவர்கள் தேய்த்துத் தேய்த்துக் குறைத்துவிடுகிறார்கள். வெளியே போவதற்குக் கால் மணி முன்பு பூசி, இரண்டு மணிக்கொருமுறையும் வியர்த்துத் துடைத்த பிறகும் மறுபடி பூச வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுக்க வைக்கும் என்பது பலருக்குப் புதிய செய்தி. நான்காம் வகையிலிருந்து ஆறாம் வகை வரையிலான தோலில் அது ஆழமான, நீடித்த கருமையை உண்டாக்குவதை 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மிக வெளுத்த தோலில் அப்படி நடக்கவில்லை. மெலனோசைட்டில் உள்ள ஆப்சின்-3 என்ற புரதம் நீல ஒளியை உணர்கிறது என்று பின்னர் கண்டறிந்தார்கள். நிறமில்லாத சாதாரண சன்ஸ்கிரீன் இந்த ஒளியைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்து, தோல் நிறத்திலேயே வரும் சன்ஸ்கிரீன் தடுக்கும். வெள்ளைப் பூச்சாகத் தெரியாது என்பதும் அதன் நன்மை. மாநிறத்தவர்கள் பச்சை அழிப்புக் காலத்தில் கூடுதல் காசு கொடுத்தாவது அந்த வகையை வாங்குவது தகும்.

அடுப்பங்கரையிலிருந்தும் மருந்துக்கடையிலிருந்தும்

கருமை போக எலுமிச்சைச் சாறு தேய்ப்பது வீடுகளில் வழக்கம். லேசர் பட்ட இடத்தில் இதைவிட ஆபத்தான கைவைத்தியம் இல்லை. எலுமிச்சை வகைப் பழங்களின் தோலிலும் சாற்றிலும் ஃபியூரோகூமரின் என்ற பொருள்கள் உள்ளன. அவை தோலில் இருக்கும்போது ‘ஏ’ கதிர் பட்டால், தோல் வெந்து கொப்புளித்து, மாதக்கணக்கில் மறையாத கருங்கோடுகள் விழும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த சோராலென் கார்போக அரிசியில் இருக்கிறது. வெண்குட்டத்துக்குக் கார்போக அரிசியைப் பூசி வெயிலில் காட்டும் பழைய மருத்துவத்தின் பின்னால் உள்ள வேதியியல் இதுவே. சோராலென் கொடுத்துப் புற ஊதா காட்டும் சிகிச்சைக்கு அளவு நிர்ணயிக்கத்தான் ஃபிட்ஸ்பாட்ரிக் தன் தோல் வகைகளையே வகுத்தார். நலங்கு மாவு, குளியல் பொடி அரைக்கும்போது கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூவோடு கார்போக அரிசியும் சேர்ப்பது வழக்கம். சிகிச்சை முடியும் வரை அந்த இடத்துக்குப் பொடி தேய்க்காமல் இருப்பதே நல்லது.

டாக்சிசைக்ளின் போன்ற சில மாத்திரைகள் வெயில் கூச்சத்தை உண்டாக்கும். முகப்பருவுக்கோ காய்ச்சலுக்கோ அதை எடுப்பவர் லேசர் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முடக்குவாதத்துக்குத் தங்க உப்பு ஊசி என்றைக்காவது போட்டிருந்தால், லேசர் பட்ட இடம் சாம்பல் நீலமாக மாறிவிடக்கூடும். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கறுத்துப்போன இடத்துக்கு மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் வெளுப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. தோலை மெலியச்செய்து அடுத்த அமர்வையே கெடுக்கும் பொருள் அது.

மையையும் வெயில் சும்மா விடுவதில்லை. சிவப்பு, மஞ்சள் மைகளில் உள்ள சில அசோ நிறமிகள் புற ஊதா பட்டும் லேசர் பட்டும் உடைந்து அரோமாட்டிக் அமீன்களைத் தருகின்றன. பழைய மஞ்சள் மையில் இருந்த காட்மியம் சல்பைடு வெயிலில் வீக்கமும் அரிப்பும் தந்தது நெடுங்காலமாகத் தெரிந்ததே. வெயிலில் பச்சை மங்குவது உண்மைதான். அதை நம்பி லேசருக்கு நடுவே வெயில் காய்வதால் மெலனின்தான் கூடும்.

ஓராண்டுக் கணக்கு

பேச்சில் ‘சிட்டிங்’ எனப்படும் அமர்வுகளுக்கு நடுவே ஆறிலிருந்து எட்டு வாரம், நம் நிறத் தோலுக்குச் சில வேளை அதற்கும் மேல், இடைவெளி விடப்படுகிறது. எட்டு அமர்வு தேவைப்படும் ஒரு பச்சைக்கு, எட்டு வார இடைவெளியில், முதலிலிருந்து கடைசி வரை 56 வாரம் ஆகும். அதாவது ஓர் ஆண்டைத் தாண்டிவிடும். ஐப்பசி மழையில் தொடங்கினால் முதல் இரண்டு மூன்று அமர்வுகள் வெயில் தணிந்த மாதங்களில் முடியும் என்பது நன்மைதான். சித்திரையை எப்படியும் கடந்தாக வேண்டும்.

இந்திய ராணுவ ஆள்சேர்ப்பில் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் தவிர வேறெங்கும் நிரந்தரப் பச்சை ஏற்கப்படுவதில்லை; பழங்குடியினருக்கு மட்டும் தளர்வு உண்டு. மேற்கையில் குத்திய பெயரை அழிக்க வரும் இளைஞர்களில் இதற்காக வருபவர்கள் பலர். அவர்கள்தான் தினமும் மைதானத்தில் ஓட வேண்டியவர்களும். ஆள்சேர்ப்பு அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் இடைவெளிகளைச் சுருக்கச் சொல்லும் அவசரமும் வெயில் நிறமும் சேர்ந்து வடுவில் முடியும். ஓராண்டு முன்பே தொடங்கி, பயிற்சியைக் காலை ஏழரைக்குள் முடித்துக்கொண்டு, கையில்லாத பனியனுக்குப் பதில் முழுக்கைச் சட்டையில் ஓடினால் இரண்டையும் சேர்த்தே நடத்தலாம். கையகல இடத்தை மூடுவதால் வைட்டமின் டி குறைந்துவிடும் என்ற கவலை வேண்டாம். மற்ற தோல் அதைப் பார்த்துக்கொள்ளும்.

கடைசி அமர்வு முடிந்ததும் காப்பும் முடிந்துவிடுவதில்லை. கறுத்தல் சில வாரம் கழித்தும் தலைகாட்டும் என்பதால் குறைந்தது மூன்று மாதமாவது துணியும் களிம்பும் தொடர வேண்டும். பழுப்பு நிழல் விழுந்திருந்தால் அது மறையும் வரை தொடர வேண்டும். அப்போது மருத்துவர் மறுபடி சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டச் சொல்வார். பச்சை இருந்த இடத்தின் நிறமும் அதைச் சுற்றி மூடிக் காத்த தோலின் நிறமும் ஒன்றாகி, இரண்டும் அக்குள் பக்கத்துத் தோலின் பிறவி நிறத்தை நெருங்கியிருந்தால், அன்றிலிருந்து அந்தக் கைக்குத் தனிக் காப்புத் தேவையில்லை.